மின்சைக்கிள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்: திருடினால் உதவாத வண்டியைச் செய்யுங்கள்

மின்சார சைக்கிள் நிறுவனங்களில் வடிவமைப்பையும் விற்பனையையும் முடிவு செய்கிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் செய்த வண்டியில்தான் நான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். மேடு வந்தாலும் எதிர்க்காற்று அடித்தாலும் மூச்சு வாங்காமல் போய்ச் சேர முடிகிறது. கார் இல்லாமலே காலத்தை ஓட்டலாம் என்று என்னை நம்ப வைத்தது இந்த வண்டிதான். அதனால் இதைக் கோபத்தில் எழுதவில்லை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனால் மனசு மட்டும் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கவலையில் எழுதுகிறேன். இதே கவலையால் வாங்கத் தயங்குகிறவர்களும், ஒரு தடவை பறிகொடுத்த பிறகு இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று இருப்பவர்களும் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

கேட்க வந்தது இதுதான். திருட்டைத் தடுக்கும் பொறுப்பை முழுக்க வாங்கியவர் தலையில் கட்டாதீர்கள். திருடியவனுக்கும், அவனிடம் வாங்குகிறவனுக்கும் உதவாத வண்டியாக அதை நீங்களே செய்து தாருங்கள்.

மோட்டார், பிரேக், சார்ஜ் ஏற்றும் முறை என்று வண்டியோடு வந்த கையேட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. திருட்டைப் பற்றி இருப்பது, நல்ல பூட்டாகப் போட்டுப் பூட்டவும் என்ற ஒரே வரி. நல்ல பூட்டு எது என்று கடைக்காரரிடமும் தெரிந்தவர்களிடமும் விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் எங்கள் பங்கைச் செய்யாமல் இல்லை. பேட்டரியில் ஓடும், உலோகம் அறுக்கும் கை கிரைண்டர் இன்றைக்கு ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியைக்கூட அது நிமிடக் கணக்கில், பல சமயம் அதற்கும் முன்னாலேயே அறுத்துவிடும். அப்படி அறுபட்ட சங்கிலி ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெட்டிய முகம் மழமழவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. ஒரே கண்ணியில் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு, அவ்வளவுதான். மற்ற கண்ணிகளில் ஒரு கீறல்கூட இல்லை.

கிரைண்டருக்கே ஈடுகொடுக்கும் பூட்டுகளும் வந்துவிட்டன. ஹிப்லாக் டி1000, லைட்லாக் எக்ஸ்1 போன்றவற்றில் எஃகுக்கு மேல் போர்த்தியிருக்கும் கலவை, வெட்டும் வட்டையே தேய்த்துத் தீர்த்துவிடுகிறது. திருடுகிறவன் வட்டை மாற்றி மாற்றிப் போராட வேண்டியிருக்கும். எடை ஏறக்குறைய 2 கிலோ, விலையும் அதிகம். ஆனாலும் பலர் வாங்குகிறோம். பிரிட்டனில் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தில் ஏ.ஆர்.டி. என்று பூட்டுகளைச் சோதித்துத் தரம் கொடுக்கும் அமைப்புகள் இருப்பதால் பூட்டு விஷயத்திலாவது எதை நம்புவது என்று தெரிகிறது. அப்புறம், சட்டகத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம். அசைக்க முடியாத கம்பியாகத் தேடிப் பூட்டுகிறோம், ஏனென்றால் 25 கிலோ வண்டியை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கி வேனில் போட்டுவிடலாம். டிஸ்ப்ளேயைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறோம். பேட்டரியையும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு அலைகிறோம். சட்டக எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். வாங்கியவர் செய்யக்கூடியது இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். முதலில் பேட்டரி.

வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று அது. பல வண்டிகளில் அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன நாக்குதான். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத உலோகத் துண்டு, அது போய் மாட்டும் பள்ளம், சுற்றிலும் பிளாஸ்டிக் உறை. நீளமான ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் பூட்டு உடைய வேண்டிய அவசியமே இல்லை, பிளாஸ்டிக் முதலில் விட்டுக்கொடுத்துவிடும். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. சங்கிலி போட்டது போட்டபடி இருந்தது, வண்டியும் இருந்தது. பேட்டரி இருந்த இடத்தில் உடைந்த உறையும், பித்தளை முனைகள் பளிச்சென்று தெரியும் ஒரு கனெக்டரும் மட்டும் மிச்சம். புதிய பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டு அவர் இன்னும் வாங்கவில்லை. மோட்டார் ஓடாத அந்தக் கனத்த வண்டியை மிதித்துக்கொண்டுதான் போகிறார்.

மலிவான வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். சில வகைச் சாவிகளே திரும்பத் திரும்ப வருவதால் ஒரு வண்டியின் சாவி இன்னொன்றின் பேட்டரியையும் திறந்துவிடுகிறது. பூட்டைப் பலமாக்கச் செலவு பெரிதாக ஆகாது. நாக்கு முழுக்க எஃகாக இருக்கட்டும், அது மாட்டும் இடம் சட்டகத்தின் உலோகத்திலேயே இருக்கட்டும், சாவிகளில் போதிய வேறுபாடு இருக்கட்டும். 2004-இல் பேர்போன யூ-லாக் (U வடிவ எஃகுப் பூட்டு) ஒன்று பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்கிறது என்று தெரியவந்தபோது, அதைச் செய்த நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்தது. பூட்டு தோற்றால் அதற்குச் செய்தவர்தான் பொறுப்பு என்ற அந்த எண்ணம் பேட்டரிப் பூட்டு செய்கிறவர்களுக்கும் வர வேண்டும்.

ஆனால் எவ்வளவு பலமான பூட்டும் நேரத்தைத்தான் வாங்கித் தரும். கிரைண்டரோடு வருகிறவனுக்கு நேரம் இருந்தால் எதையும் வெட்டிவிடுவான். அவன் வராமலே இருக்க வேண்டுமென்றால், வெட்டி எடுத்துப் போவதில் அவனுக்கு லாபம் இருக்கக் கூடாது. இதை வேறு துறைகள் செய்து காட்டியிருக்கின்றன. சரியான சாவி அருகில் இல்லாவிட்டால் எஞ்சினைக் கிளம்ப விடாத மின்னணுத் தடுப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. நெதர்லாந்தைப் பற்றிய ஓர் ஆய்வு, அந்தத் தடுப்பால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக மதிப்பிட்டது. கைபேசியில் 2013-இல் ஆப்பிள் ஆக்டிவேஷன் லாக்கைக் கொண்டுவந்தது. திருடு போன போனை உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் புதிதாக அமைத்துப் பயன்படுத்த முடியாமல் போனது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா இதைப் போன்ற வசதியை அங்கே விற்கும் எல்லாப் புதிய ஸ்மார்ட்போன்களுக்கும் சட்டமாக்கியது. அங்கெல்லாம் தனித்தனியாக ஒவ்வொருவரையும் நல்ல பூட்டு வாங்கச் சொல்லி விட்டுவிடவில்லை. பொருளுக்குள்ளேயே காவலை வைத்தார்கள்.

மின்சைக்கிள்கள் பலவற்றில் மோட்டார், பேட்டரி, டிஸ்ப்ளே மூன்றும் ஏற்கெனவே ஒரே கம்பிவழியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. நீ யாருடைய பேட்டரி என்று மோட்டார் கேட்பதற்கு வேண்டிய வசதி பல வண்டிகளில் பாதிக்கு மேல் தயார். உங்களில் சிலர் தொடங்கியும் விட்டீர்கள். மின்சைக்கிள் மோட்டார்களைச் செய்யும் போஷ், மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியைப் பூட்டும் வசதியை முதலில் தந்தது, 2024-இல் பேட்டரியையும் வண்டியோடு இணைத்துப் பூட்டும் வசதியை அறிவித்தது. உரிமையாளர் விடுவிக்காவிட்டால் அந்தப் பேட்டரி இன்னொரு வண்டியில் மோட்டாரை ஓட்டாது. இரண்டாவது வசதிதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. மோட்டாரை மட்டும் பூட்டினால் வண்டியைப் பிரித்துப் பேட்டரியை விற்றுவிடுவார்கள். பாகங்களும் விலைபோகாமல் இருந்தால்தான் முழுப் பலன்.

இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளே காவல் இருப்பது திருடுகிறவனுக்கு வெளியே நிற்கும்போதே தெரிய வேண்டும். அறுத்து எடுத்துப்போன பிறகு மோட்டார் ஓடவில்லை என்று கண்டுபிடித்து வண்டியை எங்காவது தள்ளிவிட்டுப் போனால் எனக்கு வண்டியும் போச்சு, பூட்டும் போச்சு. பேட்டரி உறையிலும் மோட்டாரின் மேலும் பொறித்த, உரித்தெடுக்க முடியாத அடையாளம் வையுங்கள். அந்த வசதி ஒரு சில உயர்ந்த மாடல்களில் மட்டும் இருந்தால் அடையாளத்தை யாரும் நம்ப மாட்டார்கள். எல்லா வண்டிகளிலும், வாங்கிய நாளிலிருந்தே, தனிக் கட்டணம் இல்லாமல் இருக்க வேண்டும். செயலியில் எங்கோ ஒரு மூலையில் நாங்கள் தேடிப் போய் இயக்கினால்தான் வேலை செய்யும் என்றால் பெரும்பாலானவர்கள் இயக்கவே மாட்டார்கள்.

இப்படிக் கேட்கும்போது எனக்குள்ளேயே ஒரு பயமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023 ஜூலையில் நெதர்லாந்தின் வேன்மூஃப் என்ற மின்சைக்கிள் நிறுவனம் திவாலானது. அதன் சைக்கிள்களைத் திறக்கும் டிஜிட்டல் சாவி நிறுவனத்தின் சர்வரிலிருந்து வந்தது. சர்வர் நின்றுவிட்டால் சொந்த வண்டியையே சரியாகப் பயன்படுத்த முடியாமல் போகும் என்று உரிமையாளர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனமான கவ்பாய்தான் அவசரமாக ஒரு செயலியை வெளியிட்டு அந்தச் சாவிகளைப் பத்திரப்படுத்த உதவியது. திருடனை வெளியே வைக்கப் போட்ட பூட்டு உரிமையாளரையே வெளியே நிறுத்தப் பார்த்தது. ஆகவே சாவி எங்கள் கையில் இருக்கட்டும். இணையம் இல்லாமலும், கைபேசி செத்துப்போனாலும், உங்கள் நிறுவனமே மூடப்பட்டாலும் திறக்கக்கூடிய ஒரு வழி வேண்டும். வண்டியோடு ஒரு சாவி அட்டையோ, அச்சிட்ட ரகசிய எண்ணோ கொடுத்தால் போதும், வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

பழைய வண்டியை விற்கும்போது உரிமையை மாற்றித் தருவதும் எளிதாக இருக்க வேண்டும். வாங்குகிறவர் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டே, இது திருட்டு வண்டி இல்லை, விற்பவர் இதை விடுவித்துவிட்டார் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தால் கள்ளச்சந்தைக்கு விழும் அடி அதுதான். அதேபோல, பேட்டரியை வண்டியோடு இணைக்கும் வசதியைக் காரணம் காட்டி, பழுது பார்க்கும் கடைக்காரர் வேறு நல்ல பேட்டரியைப் பொருத்த முடியாதபடி செய்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி விதிகள், பேட்டரி மாற்றுவதை மென்பொருளால் தடுக்கக் கூடாது என்று சொல்கின்றன. 2027 பிப்ரவரியிலிருந்து மின்சைக்கிள் பேட்டரிகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட்டும், அதாவது பேட்டரியின் விவரங்களைக் காட்டும் மின்னணுப் பதிவும், அங்கே வருகிறது. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி அடையாளம் எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். திருடு போனது என்று உரிமையாளர் குறித்து வைக்கவும், வாங்க வருகிறவர் ஸ்கேன் செய்து பார்க்கவும் அதே அடையாளத்தில் வழி செய்து தரலாமே.

எண்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பிரான்ஸில் 2021 முதல் கடையில் விற்கும் புதிய சைக்கிள்களுக்கு அடையாள எண் பொறித்துப் பதிவதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஜப்பானில் 1994 முதல் உரிமையாளர் தன் சைக்கிளைப் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டகம், மோட்டார், பேட்டரி ஆகிய மூன்றின் எண்களையும் ஒரே அட்டையில் அச்சிட்டு வண்டியோடு கொடுங்கள். சட்டக எண் பெடல் அச்சுக்கு அடியில், சேறு படிந்த இடத்தில் இருந்தால் குனிந்து படுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. காவல் நிலையத்தில் எண் கேட்கும்போது வண்டிதான் இல்லையே, எங்கே போய்ப் படிப்பது?

இருப்பிடம் காட்டும் கருவியைப் பலர் சட்டகத்துக்குள் ஒளித்து வைக்கிறோம். ஏர்டேக் போன்றவை ஆட்களைப் பின்தொடர்வதற்குப் பயன்படக் கூடாது என்பதற்காக, தெரியாத கருவி கூடவே வருகிறது என்று அருகில் இருப்பவரின் கைபேசிக்குத் தகவல் சொல்லிவிடும். அது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் திருடியவனுக்கும் அந்தத் தகவல் போய்விடும், அவன் தேடி எடுத்து எறிந்துவிடுவான். கழற்ற முடியாத இடத்தில், மோட்டார் உறைக்குள் நீங்களே வைத்தால்தான் பயன். பேட்டரியைப் பிடுங்கினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும் சின்ன மாற்று பேட்டரியும் அதற்கு வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் காவல்துறையிடம் காட்ட வேண்டும், நாமே போய் நின்றுவிடக் கூடாது என்பதையும் இருப்பிடம் காட்டும் செயலியிலேயே எழுதிவிடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பின் சக்கரத்தைப் பூட்டும் வட்டப் பூட்டு பொருத்தத் துளை, கனமான பூட்டை ஆடாமல் சுமக்க ஓர் இடம், வட்டப் பூட்டுக்கும் பேட்டரிக்கும் ஒரே சாவி, கையால் கழற்ற முடியாத சக்கர அச்சு. செலவு குறைவு, ஆனால் விற்பனைக்கு வந்த பிறகு நாங்களாகச் சேர்ப்பது பெரும்பாலும் கடினம்.

மாடல் விவரப் பட்டியலில் எத்தனை கிலோமீட்டர் ஓடும், மோட்டாரின் முறுக்குவிசை எவ்வளவு என்று முதல் வரியிலேயே போடுகிறீர்கள். அடுத்த மாடலுக்கு அதே பட்டியலில் இவற்றையும் சேருங்கள்: பேட்டரிப் பூட்டு நெம்பலுக்கும் துளையிடலுக்கும் எவ்வளவு நேரம் தாங்கியது, சோதித்தது யார், பேட்டரியும் மோட்டாரும் உரிமையாளரோடு இணைந்தவையா, சர்வர் இல்லாமல் வண்டி திறக்குமா, உரிமை மாற்றம் எப்படி. அதைப் பார்த்துத்தான் என் அடுத்த வண்டியை வாங்குவதாக இருக்கிறேன். யார் எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்டாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியைத் தினமும் ஓட்டும் ஒருவர்