தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிய குற்றம் ஒன்று நடக்கும்போதெல்லாம், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களில் உள்ள வேதனையை நான் மதிக்கிறேன். ஆயினும், குற்றவியல் சட்டத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கோரிக்கைக்குள் ஒன்றோடொன்று எளிதில் ஒத்துப்போகாத நோக்கங்கள் கலந்து கிடப்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

செய்த தீங்குக்கு ஈடாகக் குற்றவாளி துன்பம் அனுபவிக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். அதைக் கண்டு பிறர் அஞ்சி விலக வேண்டும் என்பது இன்னொன்று. அவரைச் சமூகத்திலிருந்து அகற்றி வைப்பதும் திருத்துவதும் வேறு இரண்டு. வாழ்வில் ஒரே முறை, ஆத்திரத்தில் கொலை செய்துவிட்டு மனம் உடைந்துபோனவர் மீண்டும் குற்றம் செய்வார் என்ற அச்சம் பெரும்பாலும் இராது. ஆனால் பறிபோன உயிரின் மதிப்பு கடுந்தண்டனையைக் கேட்கும். ஓயாமல் சில்லறைத் திருட்டில் ஈடுபடுபவரிடம் இக்கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

அச்சுறுத்தித் தடுப்பதுதான் நோக்கம் என்பவர்கள் இங்கிலாந்தின் அனுபவத்தை நினைவில் கொள்ள வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளைத் திருடினாலே தூக்கு என்றிருந்தபோது, மனம் பொறாத நடுவர் குழுவினர் (ஜூரிகள்), திருட்டுப்போன பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று தெரிந்தே குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் கடுமையானதால் அதைச் செயல்படுத்த வேண்டியவர்களின் கையே தளர்ந்தது. தண்டனையின் கொடூரத்தைவிட, அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார்.

குற்றத்துக்கு ஏற்ற தண்டனை என்னும் கருத்தைப் பழிவாங்கும் உணர்ச்சி என்று ஒதுக்குவோரோடும் நான் உடன்படவில்லை. பிறருக்குப் பாடம் புகட்டுவதற்காக ஒருவருக்கு அவர் செய்ததற்கு மேல் தண்டனை தரக்கூடாது என்று அரசின் கையைப் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கருத்துதான். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட்டின் வாதத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

எனவே, தண்டனைக் காலத்தை உயர்த்தும் சட்டத் திருத்தங்களைத் தங்கள் நாளிதழ் விவாதிக்கும்போது, அவை இந்நோக்கங்களில் எதை நிறைவேற்றுவதற்காகக் கொண்டுவரப்படுகின்றன என்ற கேள்வியையும், புலனாய்வும் விசாரணையும் ஏன் தாமதமாகின்றன என்ற கேள்வியையும் சேர்த்து எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சட்ட ஆசிரியர் ஒருவர்