நடுகல் படங்களும் மின்னஞ்சல் குழுவின் அளவு வரம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் ஆர்வலர்கள், தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள மின்னஞ்சல் குழுக்களை இன்னும் பயன்படுத்தி வருகிறார்கள். அப்படிப்பட்ட குழு ஒன்றில் நானும் உறுப்பினன். பெரிய படங்களை இணைத்தால் மடல் போவதில்லை, ஆகவே அளவு வரம்பையே எடுத்துவிட வேண்டும் என்று சிலர் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வரம்பு இருக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதை நடத்தும் முறையில்தான் திருத்தம் தேவை.

200 பேர் உள்ள குழுவுக்கு 10 மெகாபைட் மடல் ஒன்றை அனுப்பினால், அத்தனை பேர் அஞ்சல்பெட்டியிலும் அதன் பிரதி போய் உட்கார்ந்து, மொத்தத்தில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டை மடல்களும் கூகுள் டிரைவில் ஏற்றும் கோப்புகளும் கைப்பேசிப் படங்களும் பங்கிட்டுக்கொள்வதால், பேரப்பிள்ளைகளின் வீடியோக்களாலேயே பலருடைய பெட்டி நிரம்பி வழிகிறது. நிரம்பிய பெட்டியிலிருந்து மடல்கள் தொடர்ந்து திரும்பி வந்தால், குழுவை நடத்தும் மென்பொருள் அந்த உறுப்பினருக்கு அனுப்புவதையே நிறுத்திவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்வதற்காக உருவானது. படங்களையும் பிற கோப்புகளையும் அனுப்ப வழிசெய்த ‘மைம்’ முறை 1992இல்தான் வந்தது. அதில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்பட்டுச் செல்வதால், மடலின் அளவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கூடிவிடும். 10 மெகாபைட் வரம்புள்ள குழுவில் 8 மெகாபைட் படம் திரும்பி வருவது இதனால்தான். 7 மெகாபைட் என்றால் போய்விடும்.

மின்னஞ்சல் குழுக்களை நடத்தப் பரவலாகப் புழங்கும் மெயில்மேன் மென்பொருளில் ஆரம்ப வரம்பு வெறும் 40 கிலோபைட். குழுவின் பொறுப்பாளர் அதை மாற்றாவிட்டால், இன்றைய கைப்பேசியில் எடுத்த படம் எதுவும் உள்ளே நுழையாது. மடல் அவருடைய ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்படும். அவர் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காதபோது, அனுப்பியவர் மடல் போய்ச் சேர்ந்தது என்றும், மற்றவர்கள் அவர் அனுப்பவே இல்லை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குழுவில் சேரும்போதே வரம்பு எவ்வளவு என்று தெரிவிப்பதும், மடல் நின்றால் அனுப்பியவருக்கு உடனே தகவல் தருவதும் பொறுப்பாளரின் கடமை.

படத்தைச் சுருக்கி அனுப்பலாமே என்று கேட்கலாம். கூட்ட அறிவிப்பைத் தாளில் எழுதி அதைப் படமெடுத்து அனுப்புகிறவர்களுக்கு (இந்தப் பழக்கம் எப்போது ஒழியுமோ!) அது பொருந்தும்; அறிவிப்பைத் தட்டச்சு செய்தால் சில கிலோபைட்டில் முடிந்துவிடும். நடுகல்லுக்கு அது ஆகாது. பாசி படிந்த கல்லில் தேய்ந்துபோன வட்டெழுத்தைச் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்துப் படமெடுக்கிறோம். அதைச் சுருக்கினால் உளி கீறிய கோடும் கல்லின் இயல்பான வெடிப்பும் ஒன்றாகக் கலந்து, வாசிக்க இருந்த ஒரு வரியும் போய்விடும். வாட்ஸ்அப்பிலும் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகிறது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால்தான் மூலப்படம் அப்படியே கிடைக்கும்.

ஆகவே மடலில் அடையாளத்துக்கு ஒரு சிறிய படத்தையும், ஊர்ப்பெயர், கல் நிற்கும் இடம், வாசித்த வரிகள் ஆகியவற்றையும் கொடுத்துவிட்டு, மூலப்படத்தை டிரைவில் ஏற்றி அதன் லிங்க்கைத் தருவதே சரியான வழி. லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அனுமதியை மறக்காமல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கேட்டு உறுப்பினர்களின் மடல்கள் வந்து குவியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இடம் போதவில்லை என்று படத்தை ஏற்றியவரே பிறகு அதை நீக்கினால், அந்த லிங்க்கால் எவருக்கும் பயனில்லை. அதற்குள் சாலை விரிவாக்கத்தில் கல்லே காணாமல் போயிருக்கவும் கூடும். எனவே குழுவின் பெயரிலேயே பொதுக் கணக்கு ஒன்று வைத்து, கூடுதல் இடத்துக்கு ஆகும் கட்டணத்தை உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டு, மூலப்படங்களை அதில் சேர்த்துவைக்கும்படி இவ்வட்டாரக் குழுப் பொறுப்பாளர்களைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.