லாக்புக்கைப் படித்துப் பதில் எழுதுங்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் மருத்துவக் கல்விப் பிரிவுப் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2019-இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தபோது, அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் சொல்லித்தரும் ஏட்காம் வகுப்புகளும் சேர்ந்து வந்தன. வகுப்பு முடிந்ததும் என்ன நடந்தது, அது தனக்கு என்ன செய்தது, இனி என்ன செய்வேன் என்று மாணவர் லாக்புக் என்ற பதிவு நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவு பெரிய படிப்பில் ‘உனக்கு எப்படி இருந்தது?’ என்று அவர்களைக் கேட்கிற இடம் அது.

முதலாண்டில், அறுத்துப் படிக்கும் உடலையே முதல் ஆசானாகப் பார்க்கச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. கத்தி வைக்கப்போன முன்கையில் பச்சை குத்திய பெயரைப் பார்த்ததும் கை ஓடாமல் நின்றதையும், அன்று மதியம் சோறு இறங்காததையும் ஒரு மாணவி வராந்தாவில் நிறுத்தி என்னிடம் சொன்னாள். லாக்புக்கில் அவள் எழுதியிருந்தது, உடலை மதிக்கக் கற்றேன் என்று மூன்று வரி. முந்தைய பேட்ச் நோட்டிலும் அதே மூன்று வரி. கீழே தேதியும் கையெழுத்தும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மனமில்லை. இன்டர்னல் மார்க் போடுகிறவர்தான் படிக்கப்போகிறார் என்றால் யார் மனம்விட்டு எழுதுவார்? அதுவும் ஆங்கிலத்தில். 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். நரம்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதட்டும், அது தேவை. பயத்தையும் ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? உடல்நலத்தைக் கவனித்துவரப் படிப்பின் பகுதியாக மாணவர்கள் தத்தெடுத்த குடும்பத்தைப் பார்க்கக் கிராமத்துக்குப் போனால், திண்ணையில் உட்கார்ந்து கேட்பதெல்லாம் தமிழில்தானே?

தமிழில் எழுத விடுங்கள். எழுதினாரா இல்லையா என்பதைக் குறித்தால் போதும், மார்க் வேண்டாம். அப்புறம், படிக்கிறவர் இரண்டு வரியாவது பதில் எழுத வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். பதிலே வராத இடத்தில் யாரும் தொடர்ந்து பேச மாட்டார்கள். 150 பேர் இருக்கிற பேட்சில் நேரம் ஏது என்பீர்கள். சரி, எல்லாத் துறை ஆசிரியர்களும் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பத்துப் பதினைந்து நோட்டுதான் வரும்.

நோயாளி முன்னால் திட்டு வாங்கியதை ஒரு மாணவர் எழுதினால், அவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். அந்த வார்டு ரவுண்ட்ஸுக்கு நீங்களே ஒருநாள் போய் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர்