ஜெய்ப்பூர் வெள்ளிக்குடத்தை வரைந்த பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியும் மாமா வாயே திறக்கவில்லை என்று அம்மாவிடம் குறைபட்டாயாம். கைப்பேசியில் பார்த்துக் கருத்துச் சொல்ல மனம் வரவில்லை. நேற்றுத் தபாலில் படமே வந்துவிட்டது. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபின் எழுதுகிறேன்.

வெள்ளியை எப்படி வரைந்திருக்கிறாய் என்றுதான் முதலில் தேடினேன். வரையவே இல்லையே நீ! குடத்தின் வயிற்றில் ஒளி விழும் இடம் வெறும் காகிதம். அதை ஒட்டியே 6பி பென்சிலின் அடர் கறுப்பு. இந்த இடத்தில்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். விரலால் தேய்த்துத் தேய்த்து வெள்ளியை அலுமினியக் குண்டானாக்கிவிடுவார்கள். ஜெய்ப்பூர் அரண்மனை மண்டபத்தின் வளைவுகள் குடத்தின் தோளில் கோணிக்கொண்டு கிடப்பதைக்கூட நீ விடவில்லை.

அப்புறம் அந்த அடிப்பாகம். குடத்தின் உயரம் 1.6 மீட்டர், கிட்டத்தட்ட உன் உயரம். நின்று பார்த்தால் கழுத்து வளையம் கோடாக ஒடுங்கும், அடி வளையம் அகலும். சரியாகப் பிடித்திருக்கிறாய். 14,000 வெள்ளி நாணயங்களை உருக்கி, பற்றவைப்பே இல்லாமல் செய்தார்களாம். எடை 345 கிலோ. தரையைத் தொடும் இடத்தில் நீ அழுத்திப் போட்ட ஒற்றைக் கறுப்புக் கோட்டில் அத்தனை கனமும் இருக்கிறது.

ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் மாதோ சிங் 1902-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு லண்டன் போனபோது, கடல் கடந்தாலும் ஆசாரம் கெடக்கூடாது என்று இந்தக் குடத்திலும் இதன் ஜோடியிலும் கங்கை நீரைக் கொண்டுபோனார். குடத்துக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர். நம் வீட்டுக் காசிச் செம்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்!

ஒரு குறை. இடது தோள் சற்றுத் தொங்குகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். இப்போது திருத்தாதே, அழித்தால் காகிதத்தின் வெண்மை போய்விடும்.

பூஜை அறையில் மாட்டலாம் என்றாள் அத்தை. கங்கை இருந்த குடமாயிற்றே என்று அவள் எண்ணம். சாம்பிராணிப் புகை பட்டால் உன் வெள்ளி மங்கிவிடும் என்று சொல்லி, கூடத்தில் ஆணி அடித்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா