தண்டனைக்குத் தடையா, தீர்ப்புக்குத் தடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்முறையீட்டுச் செய்திகளில் 'தண்டனைக்குத் தடை', 'தீர்ப்புக்குத் தடை' என்று உங்கள் நாளிதழில் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் இந்தக் கடிதம். இதைப் படித்துவிட்டு, ஆள் விடுதலையே ஆகிவிட்டார் என்று டீக்கடையில் பேசுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

விசாரணை நீதிமன்றம் முதலில் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கிறது, அப்புறம்தான் எத்தனை ஆண்டு சிறை, எவ்வளவு அபராதம் என்று சொல்கிறது. அப்பீல் போனதும் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்படுவது இந்த இரண்டாவது பகுதி மட்டும்தான். அதோடு ஜாமீனும் கிடைக்கும், ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அதையும் நிறுத்தவேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், நிறுத்தாவிட்டால் என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். நீதிமன்றங்கள் அதை அபூர்வமாகத்தான் தருகின்றன.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது தொடர்பான வழக்கில் ஜெயலலிதாவின் சிறைத் தண்டனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்த மறுத்துவிட்டது. அதனால் 2001 தேர்தலில் அவரால் போட்டியிட முடியவில்லை. கட்சி ஜெயித்து மே மாதம் முதல்வராகப் பதவியேற்றார், செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த நியமனமே செல்லாது என்றார்கள். அப்பீல் நிலுவையில் இருக்கிறது, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை பெற்று அமைச்சர் பதவியை இழந்த தி.மு.க.வின் பொன்முடி விஷயத்தில் இதற்கு நேர்மாறு. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பையே நிறுத்திவைத்ததால்தான், ஆளுநர் பதவிப்பிரமாணம் செய்துவைக்க முதலில் மறுத்தும்கூட அவரால் மீண்டும் அமைச்சராக முடிந்தது.

இது அரசியல்வாதிகளோடு போகிற விஷயமும் இல்லை. லஞ்ச வழக்கில் தண்டனை பெற்ற அரசு ஊழியர் அப்பீல் போட்டு, தண்டனையை நிறுத்திவைத்த உத்தரவையும் கையில் வைத்துக்கொண்டு, இனி வேலைக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிடுவார். ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் துறை அவரைப் பணிநீக்கம் செய்யலாம், அப்பீல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, அதுவும் நம் மாநிலக் கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில். குடும்பத்தின் சோறு சம்பந்தப்பட்ட இடத்தில் பத்திரிகை தெளிவில்லாமல் எழுதக் கூடாது.

நிருபர்கள் உத்தரவைப் பார்த்து, நிறுத்திவைக்கப்பட்டது சிறைத் தண்டனையா, குற்றவாளி என்ற தீர்ப்பா, இரண்டுமா என்று செய்தியின் முதல் பத்தியிலேயே எழுதட்டும். தலைப்பில் இடம் போதாவிட்டால் 'தண்டனை மட்டும் நிறுத்திவைப்பு' என்று போடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை