வாக்களிக்காமல் ஒதுங்கிய நானூறு பேருக்கு

பிரித்தானிய மக்களவையின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் 9ஆம் திகதி உங்கள் அவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் சுங்க ஒன்றியம் (தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல், வெளியிலிருந்து வரும் சாமானுக்கு எல்லாரும் ஒரே வரி போடும் ஏற்பாடு) அமைக்க அரசு பேச்சைத் தொடங்க வேண்டும் என்று லிபரல் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சட்ட முன்வரைவு அது. ஆதரவாக 100 வாக்கு, எதிராக 100 வாக்கு. துணைச் சபாநாயகர் தன் வாக்கை ஆதரவுப் பக்கம் போட்டதால்தான் அறிமுகத்துக்கே வழி கிடைத்தது. அவையில் இருப்பவர்கள் 650 பேர். உங்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் எந்தப் பக்கமும் இல்லை. இந்த மடல் அவர்களுக்குத்தான்.

இப்படி வரும் தனி உறுப்பினர் முன்வரைவுகள் சட்டமாவது அபூர்வம் என்பது எனக்கும் தெரியும். கட்சி ஒதுங்கி நின்றால் உறுப்பினரும் ஒதுங்கி நிற்பது அங்கே வழக்கம்தான். ஆனால் இந்த நாட்டின் வீடுகளையே இரண்டாகப் பிரித்துப் போட்ட கேள்வி இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23இல் நீங்கள் எங்களிடம் கேட்டீர்கள். 72.2 வீதமானோர் வந்து பதில் சொன்னார்கள். 1 கோடி 74 லட்சம் பேர் விலகுவோம் என்றார்கள், 1 கோடி 61 லட்சம் பேர் இருப்போம் என்றார்கள். இத்தனை பேர் ஒளிவு மறைவில்லாமல் ஆம், இல்லை என்று சொன்ன விஷயத்தில், சொல்வதற்கென்றே நாங்கள் அனுப்பிவைத்த நீங்கள் வாய் திறக்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

நான் மேற்கு லண்டனில் இலங்கை, இந்திய மளிகைச் சாமான்களை மொத்தமாக இறக்கி விற்கிறவன். அரிசிமா, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், பப்படம், கருவாடு இவைதான் எங்கள் வியாபாரம். ஒன்றியத்திலிருந்து விலகியது புத்தியான முடிவல்ல என்பது என் கருத்து. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

2020 முடியும்வரை பரிஸ் லாசப்பலில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு நாங்கள் சாமான் அனுப்பினோம். மாலையில் வான் வண்டியில் ஏற்றினால், டோவரில் கப்பல் பிடித்து, விடியும்போது கடை வாசலில் இறங்கிவிடும். கூடவே போனது விலைப்பட்டியல் மட்டும்தான். 2021 ஜனவரி 1 முதல் அதே வானுக்கு இங்கே ஏற்றுமதி அறிவிப்பு, பிரான்ஸ் பக்கத்தில் இறக்குமதி அறிவிப்பு, இரண்டுக்கும் சுங்க முகவருக்குக் காசு. மிளகாய்த்தூளுக்கு ஒரு குறியீட்டு எண், எண்ணெய்க்கு வேறு, பப்படத்துக்கு வேறு. கருவாட்டுப் பெட்டி ஒன்று இருந்தாலும், அதிகாரி கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் அது பிரான்சின் கலே துறைமுகத்தைத் தாண்டாது. நாங்கள் அனுப்புவதோ கலப்புச் சுமை. பத்துப் பதினைந்து வகைச் சாமான், நாலைந்து கடைக்காரர்களுக்கு. ஒரு பெட்டியின் தாளில் பிழை வந்தால் வான் முழுவதும் நிற்கும். பின்னால் இருக்கிற கடைக்காரருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது?

இதைவிடப் பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. 2020 கிறிஸ்மஸுக்கு முதல் நாள் ஒன்றியத்துடன் வர்த்தக ஒப்பந்தம் முடிந்தபோது, வரியே கிடையாது என்று அறிவித்தார்கள். அந்தச் சலுகை பிரித்தானியாவில் விளைந்த பொருளுக்கும், இங்கே போதுமான அளவு வேலை செய்து உருவாக்கிய பொருளுக்கும் மட்டும்தான். கொழும்பிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்து இங்கே இறங்கிய மூட்டை அந்தக் கணக்கில் வராது. வரி உள்ள சாமான் என்றால் இங்கே இறக்கும்போது ஒருமுறை, பிரான்சுக்குள் போகும்போது மறுமுறை. சுங்கக் கிடங்கில் வைத்து மறு ஏற்றுமதி செய்தால் முதல் வரியைத் தவிர்க்கலாம்தான். அதற்கு வேண்டிய அனுமதியும் கணக்கு வழக்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டும், எங்களுக்குக் கட்டாது. இப்போது அந்த லாசப்பல் கடைகள் ஒல்லாந்தின் றொட்டர்டாம் துறைமுகத்தில் இறக்குகிறவர்களிடம் வாங்குகின்றன. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

என் ஒரு கடையின் கதையை வைத்து நாட்டை எடைபோடக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சரி, நியாயம். லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 கடைசியில் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே விட்டுவிட்டன. பெரிய நிறுவனங்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டன, விழுந்தவை சிறியவை. அப்புறம், உங்கள் வரவு செலவுத் திட்டத்துக்குக் கணக்குப் பார்க்கிற சுயாதீன அலுவலகம் இருக்கிறதே, அதன் மதிப்பீடு என்ன? உள்ளே இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலையைவிட நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 வீதம் குறையும், ஏற்றுமதி இறக்குமதி 15 வீதம் குறையும் என்பது. ஒவ்வொரு வரவு செலவுத் திட்டமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. வரி கூடுவதைப் பற்றி அவையில் மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். வருமானம் ஏன் குறைந்தது என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.

இனி மற்றப் பக்கம். என் அக்காவின் கணவர், அத்தான், விலகச் சொல்லி வாக்களித்தவர். இன்றைக்கும் அது சரி என்றுதான் நிற்கிறார். எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பேச்சு எழும்பாமல் இருந்ததே இல்லை. அவருடைய நியாயத்தை நான் லேசாக எடுப்பதில்லை. ஐரோப்பாவின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வேலை செய்யலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் தங்கை மகன் மட்டும் வருகை விசாவுக்கே வங்கிக் கணக்கைக் காட்டி நிற்க வேண்டும், இது என்ன நீதி என்று கேட்பார். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. எங்கள் தலைவிதியை நாங்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் தீர்மானிக்க வேண்டும், ஒன்றியத் தலைமையகம் உள்ள பிரஸ்ஸல்ஸில் இருப்பவர்கள் அல்ல என்ற வாதமும் வெறும் வாதமல்ல. 2025இல் அமெரிக்கா எல்லார் மேலும் வரி போட்டபோது பிரித்தானியாவுக்கு 10 வீதம், ஒன்றியத்துக்குக் கடைசியில் 15 வீதம் என்று முடிந்தது. அந்த வித்தியாசத்தை அத்தான் எடுத்துக் காட்டியபோது நான் மறுக்கவில்லை. கொரோனாத் தடுப்பூசியை முந்தி அனுமதித்ததற்கு விலகலே காரணம் என்று அவர் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். 2020 டிசம்பரில் அந்த அனுமதி கிடைத்தபோது ஐரோப்பிய விதிகள் இங்கே நடைமுறையில்தான் இருந்தன. அவசர அனுமதிக்கு அந்த விதிகளே இடம் கொடுத்தன.

ஆனால் அத்தானுக்குக் கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அன்று ஆசிய உணவகக்காரர்களிடம் போய், ஐரோப்பாவின் கதவை மூடினால் உங்கள் ஊர்ச் சமையற்காரர்களுக்குக் கதவு திறக்கும் என்று பிரசாரம் செய்தார்கள். அதை நம்பி வாக்களித்த முதலாளிமாரை எனக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்கான ஆண்டுச் சம்பள வரம்பு 38,700 பவுண்ஸ் ஆனது. தோசைக் கல்லில் நிற்கிற எந்தச் சமையற்காரருக்கு அந்தச் சம்பளத்தை ஒரு சிறிய உணவகம் கொடுக்க முடியும்? குடிவரவைக் குறைப்போம் என்பதை நம்பி வாக்களித்தவர்களுக்கும் இதே கதிதான். 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடிவரவு 9 லட்சத்தைத் தாண்டியது. லிங்கன்ஷயரில் பொஸ்டன் என்ற ஊரில் 75.6 வீதம் பேர் விலகலுக்கு வாக்களித்தார்கள். நாட்டிலேயே கூடிய வீதம் அது. தோட்ட வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர் குறுகிய காலத்தில் நிறையப் பேர் வந்து, வாடகையும் வைத்தியசாலை வரிசையும் கூடிய ஊர். அந்த மக்களின் குறையைப் பிரஸ்ஸல்ஸ் தீர்க்கவில்லை, சரி. வெஸ்ட்மினிஸ்டரில் இருக்கிற நீங்கள் தீர்த்தீர்களா? ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்ஸ் அனுப்புகிறோம், அதை நம் வைத்தியசாலைகளுக்குக் கொடுப்போம் என்று விலகல் பிரசாரத்தில் பேருந்தில் எழுதி ஓட்டியதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது அரச புள்ளிவிவரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று புள்ளிவிவர ஆணையத்தின் தலைவரே 2017இல் எழுதிவிட்டார்.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பா மகள் ஒல்லாந்துக் குடியுரிமை உள்ளவள். பிள்ளைகளின் படிப்புக்காகவும் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவும் ஒல்லாந்து, ஜேர்மனி, டென்மார்க்கிலிருந்து லெஸ்டருக்கும் கொவென்ரிக்கும் லண்டனுக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவளும் அப்படி வந்தவள்தான். இங்கே வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்தவளுக்கு 2016இல் வாக்கு இல்லை. அவள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்த மாணவனுக்கு வாக்கு இருந்தது, ஏனென்றால் இலங்கை பொதுநலவாய நாடு. அந்தத் தம்பியின் உரிமையைப் பறிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளுடைய வாழ்க்கையை மாற்றப்போகிற முடிவில் அவளையும் கேட்டிருக்க வேண்டும். அவளைப் போல 50 லட்சத்துக்கும் அதிகமானோர் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பம் போட்டு, இருந்த வீட்டிலேயே இருக்க அனுமதி கேட்க வேண்டி வந்தது. கடவுச்சீட்டைப் படம் பிடித்து, முகத்தைப் படம் பிடித்து, தொலைபேசியில் பதில் வரும்வரை அவள் நித்திரை கொள்ளவில்லை.

வட அயர்லாந்தைப் பற்றி அங்கே வாழ்கிறவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அங்கே 55.8 வீதமும் ஸ்கொட்லாந்தில் 62 வீதமும் இருப்போம் என்றுதான் வாக்களித்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். போரால் இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு வட அயர்லாந்தில் மோதலை நிறுத்திய 1998இன் சமாதான உடன்படிக்கை சாதாரணக் காகிதமாகத் தெரிவதில்லை. அதை ஆட்டிப் பார்க்கிற ஒரு முடிவை இவ்வளவு அவசரமாக எடுத்திருக்கக் கூடாது.

அவசரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட வர்த்தக ஒப்பந்தம். அதைச் சட்டமாக்கும் முன்வரைவை 2020 டிசம்பர் 30ஆம் திகதி ஒரே நாளில் எல்லா வாசிப்பும் முடித்து 521க்கு 73 என்று நிறைவேற்றினீர்கள். கடை வாடகை ஒப்பந்தம் ஒன்றுக்குக் கையெழுத்து வைக்கவே நாங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்து இரண்டு கிழமை பார்க்கிறோம். அன்று எங்கள் வியாபாரத்தைப் பாதித்த அந்தத் தோற்ற விதிகளை (பொருள் எங்கே விளைந்தது, எங்கே உருவானது என்று பார்க்கிற விதிகளை) உங்களில் எத்தனை பேர் வாசித்திருந்தீர்கள்?

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். உடனே ஒன்றியத்தில் திரும்பச் சேருங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மக்களிடம் திரும்பப் போக வேண்டும். சுங்க ஒன்றியம், ஒற்றைச் சந்தை, தடையற்ற நடமாட்டம் மூன்றுக்கும் திரும்புவதில்லை என்று தொழிற்கட்சி 2024 விஞ்ஞாபனத்தில் எழுதி வென்றது. 2025 மே மாதம் ஒன்றியத்துடன் லண்டனில் நடந்த உச்சிமாநாட்டில் உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்கும் ஒப்பந்தத்தை நோக்கிப் பேச இணங்கினார்கள். அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் என் கருவாட்டுப் பெட்டியின் பிரச்சினை தீரலாம், சந்தோஷம். மூட்டைக்கு இரட்டை வரி கட்டும் பிரச்சினை அதில் தீராது. அதற்குச் சுங்க ஒன்றியம்தான் வழி.

சுங்க ஒன்றியத்தில் சேர்ந்தால் மற்ற நாடுகளுடன் பொருள்களுக்கு நாமே வரி பேச முடியாது, இந்தியாவுடன் 2025 ஜூலையில் செய்த ஒப்பந்தம் என்னாகும் என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். அந்த ஒப்பந்தத்தால் எங்களைப் போன்ற இறக்குமதிக்காரர்களுக்கும் ஓரளவு நன்மை உண்டு. ஆனால் அரசின் சொந்த மதிப்பீட்டின்படி அது நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தியில் கூட்டுவது 0.13 வீதம். விலகலால் உற்பத்தித்திறன் குறையும் என்று அந்தச் சுயாதீன அலுவலகம் சொல்வது 4 வீதம். இந்தியாவுடன் ஒன்றியமும் 2026 ஜனவரியில் பேச்சை முடித்துவிட்டது. இந்த எண்களை அவையின் நடுவில் வைத்து, யார் எதை ஏற்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று ஒரு முழு நாள் விவாதியுங்கள். அரசின் நேரத்தில், கட்சிக் கட்டளை இல்லாமல், நிபுணர்களை அழைத்துக் குழுவில் கேள்வி கேட்டு.

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு வரும். அன்று நீங்கள் அவையில் இருங்கள். சுங்க ஒன்றியம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வாக்களியுங்கள், ஏன் என்று உங்கள் தொகுதிக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு நானும் வருவேன். அவர் ஒரு கேள்வி வைத்திருக்கிறார், நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு லண்டனிலிருந்து ஒரு மளிகை மொத்த வியாபாரி