பெரியப்பா தேறிவிட்டார்

அன்புள்ள செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

பெரியப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். குளியலறையில் வழுக்கி விழுந்ததை யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் சுபாவம் உனக்குத் தெரியாததா. சில வாரம் கழித்துக் கால் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. வயசானால் மூளை கொஞ்சம் சுருங்கிவிடுமாம், அதனால் சின்ன அடிக்கும் ரத்தம் மெள்ளக் கசியுமாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் மோசம். துளை போட்டு எடுத்தார்கள். இப்போது பழையபடி எல்லாரையும் அதட்டுகிறார்.

அந்த வார்டில் ஒரு பக்கம் இவரைப் போல விழுந்த பெரியவர்கள், மறுபக்கம் உன்னைப் போல பைக்கிலிருந்து விழுந்த பையன்கள். எல்லாம் உன் வயசு. பெண்கள் குறைவுதான். எங்கேயும் அப்படித்தானாம். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 6 கோடியே 90 லட்சம் பேருக்கு மூளையில் அடிபடுகிறது என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொல்கிறது. முக்கால்வாசிக்கு மேல் லேசான அடிதான். கண் திறக்கிறானா, சரியாகப் பேசுகிறானா, சொன்னபடி கையை அசைக்கிறானா என்று பார்த்து மார்க் போடுவார்களாம். 15க்கு 13 வந்தாலே லேசான காயம். நீ மார்க்கில் என்றைக்குக் குறை வைத்தாய், 15ம் வாங்கியிருப்பாய்.

ஆனால் முழு மார்க் வாங்கினவனுக்கும், ஸ்கேனில் ஒன்றுமே தெரியாதவனுக்கும் தலைவலி, மறதி, தூக்கமின்மை, வெளிச்சம் பட்டால் கண் கூசுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் வருமாம். பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து.

விளக்கைப் போட்டால் நீ கத்துகிறாய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. உன் மனைவியிடம் போய்க் கேட்காதே. நானாக நினைத்துக்கொண்டேன்.

சின்ன வயசிலேயே முட்டியில் ரத்தத்தோடு வந்து ஒன்றுமில்லை என்பாய். பெரியப்பா ரத்தம்தானே. பெருமையாகத்தான் இருந்தது, இப்போது இல்லை.

நரம்பியல் டாக்டரைப் பார். அவளையும் கூட்டிக்கொண்டு போ, நீ விட்டதை அவள் சொல்வாள். அந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. ஒரு தடவை அடி வாங்கினது மறுபடி தாங்காது. டாக்டர் சரி என்கிறவரை பைக்கைத் தொடாதே. கட்டாயம் டாக்டரைப் பார். அப்புறம், போனை எடு.

அம்மா